உறையில் அச்சிடாத வரிகள்

1964இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு பாட்டைக் கேட்க உட்கார்ந்தது. ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரின் கிங்ஸ்மென் குழு முந்தைய ஆண்டு பதிவு செய்திருந்த ‘லூயி லூயி’ என்ற பாட்டு அது. எழுதியவர் ரிச்சர்டு பெரி. ஊர் திரும்பத் துடிக்கும் ஜமைக்கா மாலுமி ஒருவன் மதுக்கடைக்காரனிடம் தன் காதலியைப் பற்றிப் பேசுகிறான். பாட்டில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் பதிவு நடந்த அன்று பாடகர் ஜாக் எலியின் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் மைக் தொங்கியது. அவர் அண்ணாந்து கத்திப் பாடினார். பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். சொற்கள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்தக் குழைவுக்குள் மாணவர்கள் ஆபாச வரிகளைக் கேட்டார்கள், கேட்டதைத் தாளில் எழுதிக் கைமாற்றினார்கள். பதறிப்போன பெற்றோர் ஒருவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுத, விசாரணை தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்டது. தட்டை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்தார்கள். எந்த வேகத்திலும் சொற்கள் பிடிபடவில்லை, ஆகவே ஆபாசமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை என்று கோப்பை மூடினார்கள்.

ஆபாசம் தட்டில் இல்லை. மாணவர்களின் சட்டைப்பையில் இருந்த தாளில் இருந்தது. பாடகர் அறியாமல் விட்ட இடைவெளியை, கேட்டவர்கள் தங்கள் வயதுக்கும் ஆசைக்கும் ஏற்ற சொற்களால் நிரப்பிக்கொண்டார்கள். பின்னால் ஆல்டர்நேட்டிவ் ராக் என்று பெயர் பெற்ற இசையின் ரசிகர்களிடையே வேரூன்றிய ஒரு வழக்கத்தின் முன்வரலாறு இங்கே தொடங்குகிறது என்பேன். ஒரு பாட்டின் வரிகளில் தன் வாழ்க்கையையே கேட்பது, பாடியவர் சொல்ல வந்தது எதுவானாலும் தனக்கென ஒரு பொருளை அதில் கண்டுகொண்டு ஆண்டுக்கணக்கில் சுமந்து திரிவது என்பதே அந்த வழக்கம். இதைக் கேட்பவரின் சுதந்திரம் என்று கொண்டாடுவோர் உண்டு. பதின்ம வயதின் தற்காதல் என்று ஒதுக்குவோரும் உண்டு. இரு தரப்பும் இது எக்காலத்துக்கும் உரிய மன இயல்பு என்றே நினைக்கின்றன. என் வாதம் வேறு. இசைத்தட்டின் உறையும் மைக் இருந்த இடமும் வானொலியின் அலைவரிசையும் காதில் மாட்டும் கருவியும் சேர்ந்து வளர்த்த வழக்கம் இது. பாடகர்கள் அறிந்தே இதற்கு இடம் விட்டார்கள். அப்படி விட்ட இடத்துக்குக் கரைகளும் உண்டு.

முதலில் உறையைப் பார்க்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் நினைவிருக்கும். பாட்டைக் கேட்பதும் வரியைப் படிப்பதும் இங்கே வெகுகாலம் சேர்ந்தே நடந்தன. ஆங்கில ராக் இசையில் அப்படியில்லை. 1967இல் பீட்டில்ஸ் குழு ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பின் பின்னட்டையில் எல்லாப் பாடல்களின் வரிகளையும் அச்சிட்டபோது அது புதுமையாக இருந்தது. அதன் பிறகு ராக் பாடலைக் கவிதையாக மதிக்க வேண்டும் என்ற குரல்கள் வலுத்தன. 1969இல் ரிச்சர்டு கோல்ட்ஸ்டீன் ராக் வரிகளைத் தொகுத்துக் கவிதை நூலாகவே வெளியிட்டார். எழுபதுகளில் வரித்தாள் இல்லாத தொகுப்பு அரைகுறை என்று தோன்றும் அளவுக்குப் பழக்கம் பரவியது. அச்சில் வந்துவிட்டால் வரி உறைந்துவிடுகிறது. காதுக்குத் தெளிவில்லாத இடத்தில் கண் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறது, கேட்பவர் படிப்பவராகிறார். இந்தப் பின்னணியில் பார்த்தால்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் சில குழுக்கள் வரிகளை அச்சிடாமல் விட்டது எவ்வளவு துணிந்த முடிவு என்பது புரியும்.

அந்த முடிவை மிகத் தெளிவாக எடுத்தவர்கள் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரின் ஆர்.இ.எம். குழுவினர். பல்கலைக்கழக ஊர் அது. ஓவியம் படித்துக்கொண்டிருந்த மைக்கேல் ஸ்டைப், இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் பக், அவர்களோடு மைக் மில்ஸ், பில் பெரி. நால்வரும் சேர்ந்து 1980 ஏப்ரல் 5 அன்று, தேவாலயமாக இருந்து குடியிருப்பாக மாறிவிட்ட ஒரு கட்டடத்தில் நண்பரின் பிறந்தநாள் கூட்டத்துக்காக முதன்முதலில் வாசித்தார்கள். 1983இல் வெளிவந்த முதல் முழுத் தொகுப்பின் பெயரே ‘மர்மர்’, அதாவது முணுமுணுப்பு. வட கரோலினாவின் ஷார்லட் நகரத்தில் மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்ஸனும் அதைப் பதிவு செய்தார்கள். ஸ்டைப் மற்றவர்கள் கண்ணில் படாமல், விளக்கணைத்த மாடிப்படி ஓரத்தில் நின்று பாடினார். அவர் குரலைக் கருவிகளுக்கு மேலே தூக்கி வைக்காமல் கிதாருக்கும் பேஸுக்கும் நடுவில் பதித்தார்கள். உறையில் ஒரு வரிகூட அச்சாகவில்லை. அட்டைப்படமாக வந்தது குட்சு என்ற கொடி மூடிய நிலம். ஜப்பானிலிருந்து வந்த இந்தக் கொடியை மண்ணரிப்பைத் தடுக்கவென்று முப்பதுகளில் அமெரிக்கத் தெற்கில் பெருமளவில் நட்டார்கள். அது வேலி, மரம், பாழ்வீடு என எதன்மீதும் படர்ந்து மூடிவிடும். கீழே ஏதோ இருக்கிறது என்பதை மேடுபள்ளத்தை வைத்து ஊகிக்க முடியுமே தவிர, இன்னதென்று சொல்ல முடியாது. அந்தத் தொகுப்பின் குரலை இதைவிடச் சரியாக எந்தப் படமும் காட்டியிருக்காது. அதே ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ விற்பனையில் உலகத்தையே ஆண்டுகொண்டிருக்க, ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த தொகுப்பாக ‘மர்மர்’ஐத் தேர்ந்தார்கள்.

இங்கே முதல் மறுப்பு எழும். வரிகளே காதில் விழாதபோது வரிகளில் பொருள் கண்டேன் என்பது என்ன பேச்சு? மனத்தைத் தொட்டது மெட்டும் குரலும்தானே? இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கும் ஒரு சான்று ஆர்.இ.எம். வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டாவது தொகுப்பான ‘ரெக்கனிங்’ பதிவின்போது ஒரு பாட்டுக்கு ஸ்டைப்பின் குரல் எழவில்லை. மிக மெல்லிதாகப் பாடிக்கொண்டிருந்தார். கூச்சத்தைப் போக்க, அங்கே கிடந்த பழைய கிறிஸ்தவப் பக்திப் பாடல் தட்டொன்றை டிக்ஸன் எடுத்து அவரிடம் கொடுத்தார். தட்டின் பின்னட்டையில் இருந்த அறிமுகக் குறிப்பை, பாடகர்களின் பெயர், புகழுரை உட்பட, ஸ்டைப் அதே மெட்டில் அப்படியே பாடிவிட்டார். ‘வாய்ஸ் ஆஃப் ஹெரால்டு’ என்ற பெயரில் அந்தப் பதிவு வெளியும் வந்தது. கேட்டுப் பார்த்தால் விளம்பர வாசகம் என்ற நினைப்பே வராது. யாரோ உயிரைக் கொடுத்துப் பாடுவது போலத்தான் இருக்கும். ஆக மெட்டும் குரலும் சாதாரணச் சொல்லையும் தூக்கிவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் மெட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. குரலில் உணர்ச்சி இருக்கிறது, எதைப் பற்றிய உணர்ச்சி என்பது மட்டும் தெரியவில்லை என்னும்போது மனம் சும்மா இருப்பதில்லை. அகப்பட்ட நாலைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தன்னிடமிருந்து எடுத்து வைக்கிறது. வெறும் வாத்திய இசையில் இந்தத் தேடல் இவ்வளவு தீவிரமாக நடப்பதில்லை. ஏதோ சொல்லப்படுகிறது என்ற உறுதியும், என்ன சொல்லப்படுகிறது என்ற உறுதியின்மையும் சேர்ந்திருக்க வேண்டும். பாதி கேட்கும் சொல்லுக்குத்தான் அந்த வல்லமை.

இந்தப் பாட்டுகள் போய்ச் சேர்ந்த வழியும் முக்கியம். அமெரிக்காவில் பண்பலை வரிசையின் தொடக்கப் பகுதி, 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை, வணிகம் சாராத ஒலிபரப்புக்கென ஒதுக்கப்பட்டது. கல்லூரி வானொலிகள் அங்கேதான் இருந்தன. குறைந்த சக்தி, மாணவ அறிவிப்பாளர்கள், விளம்பரமில்லாத நடு இரவு நேரம். பெரிய நிலையங்கள் தொடாத தட்டுகளை இவர்கள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நகரத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலே இரைச்சல் கலந்துவிடும் ஒலியில் பாட்டின் பெயரைப் பிடிப்பதே பாடு. வரியைப் பிடிப்பது அதைவிடப் பெரும்பாடு. 1979இல் சோனி வெளியிட்ட வாக்மேன் இன்னொரு பக்கம். அதுவரை ராக் என்பது கூடத்திலும் காரிலும் நடனத்திலும் பலர் சேர்ந்து கேட்ட இசை. காதுக்குள் மட்டும் ஒலிக்கும் கேசட் அதைத் தனிமைக்குக் கொண்டுபோனது. பேருந்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்பவருக்கும் அந்தக் குரல் தனக்கு மட்டும் சொல்வது போலிருக்கும். பதிவுசெய்து கைமாறிய கேசட்டுகளிலோ உறையும் கிடையாது, குறிப்பும் கிடையாது, பேனாவால் எழுதிய பெயர் மட்டும்தான்.

மொழியும் துணைபோனது. ஆங்கிலத்தின் ‘யூ’ என்ற முன்னிலைச் சொல் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மதிப்புக்குரியவரா நெருங்கியவரா என்று எதையும் காட்டாது. தமிழில் நீ என்று பாடினாலே, நீங்கள் என்று பாடவில்லை என்ற ஓர் உறவு நிலை வந்துவிடுகிறது; ஆங்கிலத்தில் அதுகூட மறைந்திருக்கும். ஆல்டர்நேட்டிவ் ராக் எழுத்தாளர்கள் இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்தினார்கள். அகத்திணைப் பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சூட்டக் கூடாது என்று நம் இலக்கணம் விதித்ததன் பயனை உணர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெயர் வந்த கணமே பாட்டு இன்னொருவர் கதையாகிவிடும். 1987இல் ஆர்.இ.எம்.முக்கு முதல் பெரிய வானொலி வெற்றியைத் தந்த ‘தி ஒன் ஐ லவ்’ பாட்டில் பெயரும் இல்லை, முகமும் இல்லை. காதலுக்குக் காணிக்கை என்று அதை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். மேடையிலிருந்து பார்த்தால் ஜோடிகள் அணைத்துக்கொண்டு நிற்பார்கள். ஸ்டைப்போ அதை ஒருவரைப் பயன்படுத்தித் தூக்கியெறிவதைப் பற்றிய கொடூரமான பாட்டு என்றே விளக்கினார். பிறகு, காதல் பாட்டு என்றே அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

1991இன் ‘லூசிங் மை ரிலிஜன்’ இன்னும் நல்ல சான்று. அந்தத் தலைப்புத் தொடர் அமெரிக்கத் தெற்கின் பேச்சு வழக்கு. பொறுமை எல்லை மீறிப் போவதைக் குறிப்பது. ஒருதலை ஏக்கத்தில் தவிப்பவரின் பாட்டு என்பது ஸ்டைப் சொன்ன விளக்கம். தெற்கத்திய வழக்கு தெரியாத உலகம் அதை மத நம்பிக்கையை இழந்தவரின் வாக்குமூலமாகக் கேட்டது. பஞ்சாபில் பிறந்த தர்சேம் சிங் இயக்கிய வீடியோவில் சிறகு ஒடிந்த முதியவரும், அம்பு தைத்த புனித செபஸ்தியாரும், இந்துக் கடவுள் படங்களின் சாயலும் வந்து அந்தக் கேள்வியறிவை மேலும் உறுதிப்படுத்தின. தேவாலயத்தை விட்டு வெளியேறித் தவித்த ஒருவர் அந்தப் பாட்டில் தன் தவிப்பைக் கேட்டால் அதைப் பிழை என்று தள்ள முடியுமா? சொல்லின் அகராதிப் பொருள் அவர் பக்கம் இருக்கிறது. அதோடு ஒருதலைக் காதலில் பேசவும் முடியாமல் பேசாமல் இருக்கவும் முடியாமல் தவிப்பதற்கும், கேட்காத கடவுளோடு பேசித் தோற்பதற்கும் உணர்ச்சியின் அமைப்பு ஒன்றுதான். அவர் கேட்டது பாட்டுக்குள் இருந்தது.

எழுதியவரின் எண்ணமே பொருள், மற்றது பிறழ்ச்சி என்பது அடுத்த மறுப்பு. இலக்கியத் திறனாய்வில் இந்த வழக்கு பழையது. எழுதியவரின் எண்ணம் அளவுகோலாகாது என்று 1946இல் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் எழுதிய கட்டுரையையும், ரோலான் பார்த் 1967இல் அறிவித்த ஆசிரியனின் மரணத்தையும் தமிழ்ச் சிற்றிதழ் வாசகருக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ராக் இசையில் இந்த வழக்கு ஒருமுறை அமெரிக்க செனட் குழுவின் முன்பே போனது. 1985 செப்டம்பர் 19 அன்று நடந்த விசாரணையில், டிப்பர் கோர் முதலியோர் தொடங்கிய பெற்றோர் அமைப்பு பாடல்களின் தீங்கை முன்வைத்தது. வரிகளை உறையிலேயே அச்சிட வேண்டும் என்பது அவர்கள் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று. ஃபிராங்க் ஜப்பா, ஜான் டென்வர், டிவிஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்நைடர் மூவரும் எதிர்த்துச் சாட்சியம் சொன்னார்கள். துன்புறுத்தலைப் புகழ்வது என்று குற்றம் சாட்டப்பட்ட தன் பாட்டு, உண்மையில் குழுவின் கிதார்க்காரர் தொண்டை அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் கொண்ட பயத்தைப் பற்றியது என்றார் ஸ்நைடர். தேடிப் போனவர் தேடியதையே அதில் கண்டார் என்றும் சொன்னார். கூர்மையான பதில்தான். ஆனால் அவர் அறியாமலே இரு பக்கமும் வெட்டும் பதில் அது. குற்றம் தேடியவர் குற்றத்தைக் கண்டார் என்றால், ஆறுதல் தேடியவர் ஆறுதலைக் கண்டதும் அதே வழியில்தான். 1987இல் லோரெய்ன் பிரின்ஸ்கியும் ஜில் ரோசன்பாமும் வெளியிட்ட ஆய்வு, பதின்ம வயதினர் பலருக்குத் தங்களுக்குப் பிடித்த பாட்டு எதைப் பற்றியது என்று விளக்கவே தெரியவில்லை என்று காட்டியது. வரிகள் அவர்களைக் கெடுப்பதில்லை என்பதற்கு ஆதாரமாக அதை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பாட்டு எதைப் பற்றியது என்ற கேள்விக்கும், பாட்டு உனக்கு என்ன என்ற கேள்விக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இந்த வழக்கம் கேட்பவர்களிடம் மட்டும் இருந்ததும் அல்ல. வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் 1990இல் பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹானா, நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் அறைச்சுவரில் அவரைக் கிண்டல் செய்து ஒரு வாசகத்தை எழுதிவைத்தார். அதில் வந்த ‘டீன் ஸ்பிரிட்’ அப்போது கடைகளில் விற்ற ஒரு வியர்வை நாற்றம் போக்கியின் பெயர். கோபேனுக்கு அது தெரியாது. இளமையின் கலக உணர்வைத் தன்னிடம் கண்டு சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பொருளிலிருந்துதான், ‘டீன் ஸ்பிரிட்’ என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கி 1991இல் உலகத்தைக் குலுக்கிய பாட்டு பிறந்தது. பாட்டு வெளியாகிப் பல மாதங்கள் கழித்தே அது ஒரு சரக்கின் பெயர் என்று அறிந்துகொண்டார். ஒரு தலைமுறையின் கீதம் என்று பெயர் பெற்ற பாட்டே, பிறர் எழுதிய வரியில் ஒருவர் தனக்கான பொருளைக் கண்டதில் விளைந்தது. ‘நெவர்மைண்டு’ தொகுப்பின் உறைக்குள் முழு வரிகள் இல்லை, துண்டு துண்டாகச் சில வரிகளே இருந்தன. முழு வரிகளும் மறு ஆண்டு ‘லித்தியம்’ சிங்கிளோடுதான் வந்தன. கோபேன் என்ன பாடுகிறார் என்று புரியாமல் எம்.டி.வி. ஒரு கட்டத்தில் திரையின் அடியில் வரிகளை ஓடவிட்டது. அதற்குள் கோடிக்கணக்கான பேர் தங்கள் வரிகளோடு பாட்டை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் கனமான மறுப்பும் கோபேனிடமிருந்தே வருகிறது. ‘நெவர்மைண்டு’இல் ‘பாலி’ என்றொரு பாட்டு உண்டு. 1987இல் டகோமா நகரில் கடத்தப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளாகித் தப்பிய ஒரு சிறுமியின் செய்தியைப் படித்து எழுதியது. கிதாரும் குரலும் மட்டும் முன்னால் நிற்கும் பாட்டு. பேசுவது கொடுமை செய்தவனின் குரல். 1992 இறுதியில் வந்த ‘இன்செஸ்டிசைடு’ தொகுப்பின் குறிப்பில் கோபேன், அந்தப் பாட்டைப் பாடியபடியே இரண்டு பேர் ஒரு பெண்ணை வன்புணர்ந்தார்கள் என்ற செய்தி தன்னைக் குலைத்ததை எழுதினார். அப்படிப்பட்டவர்களும் தன் ரசிகர் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்ற எண்ணத்தை அவரால் தாங்க முடியவில்லை. கேட்பவர் கண்டதெல்லாம் பொருள் என்றால் அந்த இருவர் கண்டதும் பொருள்தானா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு இந்த வழக்கத்தைப் பாராட்டுவது நேர்மையாகாது. என் பதில் இது. பாட்டு திறந்துவிடும் இடம் வேறு, பாட்டில் எழுப்பியிருக்கும் சுவர் வேறு. ‘பாலி’யில் அந்தச் சிறுமி வெறும் பொருளாக இல்லை, கொடியவனின் கவனத்தைத் திருப்பி உயிர் பிழைக்கும் அறிவுள்ளவளாக இருக்கிறாள். பேசுபவனின் குரலில் உள்ள வெறுமையே அவன்மீதான தீர்ப்பு. அந்த இருவர் இடைவெளியை நிரப்பவில்லை, இருந்ததை அழித்தார்கள். தேவாலயத்தை விட்டு வந்தவர் ‘லூசிங் மை ரிலிஜன்’இல் எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. தனக்குள் பொருள் காண்பவர் பாட்டின் சொற்களுக்கு மேலும் கூர்ந்து காது கொடுக்கிறார்; துணைக்கு ஒரு சத்தம் வேண்டியவனுக்குச் சொற்களே தேவைப்படுவதில்லை. இந்த வேறுபாடு எல்லா இடத்திலும் கோடு கிழித்தாற்போல் தெளிவாக இராது. இருந்தாலும் இது உண்மையான வேறுபாடு.

கேட்பவர்கள் பாட்டுக்குச் செய்யக்கூடிய நன்மைக்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று பேர்ல் ஜாம் குழுவின் ‘அலைவ்’. 1990இல் சியாட்டிலிலிருந்து கிதார்க்காரர் ஸ்டோன் கோசர்டின் மெட்டுகள் அடங்கிய கேசட் ஒன்று, டிரம்ஸ் கலைஞர் ஜாக் அயர்ன்ஸ் வழியாக, சான் டியாகோவில் இருந்த, பின்னால் குழுவின் பாடகரான எடி வெடரின் கைக்குப் போனது. அலைச்சறுக்கு ஆடிக்கொண்டே வெடர் வரிகளை யோசித்தார். குரலைச் சேர்த்துப் பதிந்து கேசட்டைத் தபாலில் திருப்பியனுப்பினார். பாட்டில் வருவது அவர் பதின்ம வயதில் பட்ட காயம். அப்பா என்று நம்பியிருந்தவர் அப்பா அல்ல, பெற்ற தந்தை இறந்துபோய்விட்டார் என்று தாய் சொல்லக் கேட்கும் மகனின் நிலை. கதை அதற்கு மேல் இருட்டான இடங்களுக்குப் போகிறது. அந்த மகனுக்குத் தான் இன்னும் உயிரோடிருப்பதே ஒரு சாபமாகத் தெரிகிறது. தந்தை இல்லை, தான் இருக்கிறோம் என்ற சுமை. ஆனால் 1991க்குப் பிறகு அரங்குகளில் நடந்தது வேறு. கடைசிப் பகுதியில் மைக் மெக்ரெடியின் கிதார் ஏற ஏற ஆயிரக்கணக்கானோர் கைகளை உயர்த்தி உயிரோடிருக்கிறேன் என்ற அந்தச் சொல்லைப் பிழைத்து வந்தவர்களின் முழக்கமாகப் பாடினார்கள். நோயைக் கடந்தவர்கள், வீட்டின் கொடுமையைக் கடந்தவர்கள், தற்கொலை எண்ணத்தைக் கடந்தவர்கள். 2006இல் வி.ஹெச்.1 தொலைக்காட்சியின் ஸ்டோரிடெல்லர்ஸ் நிகழ்ச்சியில் வெடர் இதைத் தானே சொன்னார். ரசிகர்கள் அந்த வரியின் பொருளை மாற்றிவிட்டார்கள், அதன் வழியே தன் சாபத்தை நீக்கிவிட்டார்கள் என்றார். எழுதியவரே வந்து, நீங்கள் கண்ட பொருள் எனக்கும் பொருளாகிவிட்டது என்று கேட்டவர்களிடம் ஒப்புக்கொண்ட இந்த இடத்தில், பிறழ்ச்சி என்ற வாதத்துக்கு நிற்க நிலமில்லை. அந்தச் சொல் அதற்குமுன் இன்னொரு சோதனையையும் கடந்திருந்தது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்ட நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் மாண்டார்கள். அதன்பின் பல மாதங்கள் ‘அலைவ்’ மேடைக்கு வரவில்லை. நவம்பரில் சொந்த ஊரான சியாட்டிலில் பயணத்தின் கடைசி இரவில்தான் அதை மறுபடி பாடினார்கள். வரிகள் 1990இல் எழுதியவையேதான். எஞ்சியிருப்பவர்களின் பாட்டாக அன்று அது இன்னொரு முறை மாறியது.

வணிகம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா என்று கேட்கலாம். இருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து, யாருக்கும் பொருந்தும்படி எதையும் சொல்லாத வரிகளை முணுமுணுத்து விற்ற குழுக்கள் பெருகின. தெளிவின்மை விற்கும் என்று கண்டுகொண்டதன் விளைவு. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் சுமந்து திரிவதில்லை. காரணம் எளிது: மூடியிருக்கும் கொடிக்குக் கீழே ஒரு வீடு இருக்க வேண்டும். பேர்ல் ஜாமின் ‘யெல்லோ லெட்பெட்டர்’ 1992இல் சிங்கிளின் மறுபக்கமாக வந்த பாட்டு; வரிகள் பிடிபடாததற்கே பேர்போனது, வெடரே மேடைக்கு மேடை சொற்களை மாற்றிவிடுவார். ஆனால் அதன் அடியில் திட்டவட்டமான ஒரு துயரம் இருக்கிறது. வளைகுடாப் போரில் மாண்ட ஒருவரின் சாவுச் செய்தி வீட்டுக்கு வந்த கதை. அந்தக் கதை தெரியாமலே கேட்டவர்களும் அதில் யாரோ இறந்திருக்கிறார் என்று உணர்ந்தார்கள். மறுபுறம், மிகத் தெளிவான சொற்களும் இதே வேலையைச் செய்யும் என்பதை ஆர்.இ.எம். காட்டியது. 1992இன் ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’ பதின்ம வயதினருக்குப் புரிய வேண்டும் என்றே ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டது. பிரிட்டனில் தற்கொலை எண்ணத்தோடு போராடுவோருக்கு உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பு அதைத் தன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டது. 2010இல் ஹைதி நிலநடுக்க நிதிக்காக வேறு பாடகர்கள் பலர் சேர்ந்து அதைப் பாடினார்கள். ஆனால் அந்தப் பாட்டில் ஆறுதல் சொல்பவரின் கை முன்பே நீண்டிருக்கிறது. நாம் பற்றிக்கொண்டால் போதும். ‘மர்மர்’ போன்ற தொகுப்பில் பாதி வழி நாமே நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேர்ந்த இடம் மறப்பதில்லை என்பது என் கணிப்பு.

புதிய நூற்றாண்டு பிறந்தபோது இந்த வழக்கம் ஒளிவுமறைவில்லாத கொள்கையாகவே ஆனது. 2000இல் ‘கிட் ஏ’ தொகுப்புக்காக ரேடியோஹெட்டின் தாம் யார்க் சொற்றொடர்களைத் தாளில் எழுதி, துண்டாக்கி, தொப்பியிலிருந்து எடுத்துக் கோத்தார். வரிகளை உறையில் அச்சிடவும் மறுத்தார். ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழு 2002இல் இன்னும் தூரம் போனது. தொகுப்புக்குத் தலைப்பு இல்லை; அடைப்புக்குறி இரண்டு, நடுவே ஒன்றுமில்லை. எட்டுப் பாட்டுக்கும் பெயர் இல்லை. பாடகர் யோன்சி பாடுவது எந்த மொழியும் அல்ல, ஒரு சில அசைகளையே தொகுப்பு முழுவதும் மாற்றி மாற்றிப் பாடுகிறார். உறைக்குள் இருக்கும் கையேட்டைப் பிரித்தால் பக்கம் பக்கமாக வெற்றுத்தாள். கேட்பவர் தன் வரிகளை அதில் எழுதிக்கொள்ளலாம். 1964இல் எந்தத் தாளைக் கண்டு பதறி எஃப்.பி.ஐ. வரை போனார்களோ, அந்தத் தாளை இப்போது குழுவே தட்டோடு சேர்த்துக் கொடுத்தது. சிலர் பென்சிலால் எழுதினார்கள், சிலர் படம் வரைந்தார்கள், வெறுமையாகவே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மேடையில் வாசிக்கும் வரிசையைக் குறித்துக்கொள்ள அந்தக் குழுவினருக்கே அடையாளங்கள் தேவைப்பட்டன. பெயரில்லாத முதல் பாட்டை அவர்கள் ‘வாகா’ என்று அழைத்துக்கொண்டார்கள். அது டிரம்ஸ் கலைஞரின் மகளுடைய பெயர்.